கார்லீன் வண்டியில் வந்த ஓட்டு

எங்கள் ஊரில் பள்ளிக்கூடச் செலவு வீட்டு வரி, நில வரியிலிருந்து போகிறது, எவ்வளவு என்பதை ஊரே ஓட்டுப் போட்டு முடிவு செய்யும். மார்ச் மாதம் ஊர்க்கூட்டத்தன்று நடந்த வாக்கெடுப்பில் பள்ளிக்கூட பட்ஜெட் தோற்றது. ஏப்ரலில் கொஞ்சம் குறைத்துக் கொண்டுவந்தார்கள், மறுபடியும் தோற்றது. அதற்கடுத்த சனிக்கிழமை காலையில் கார்லீன் லஃபவுண்டன் வழக்கம்போலக் குப்பைக் கிடங்கு வாசலில் போய் நின்றுகொண்டாள். எங்கள் வெஸ்ட் ஹார்லோவில் சர்ச்சுக்குப் போகாதவர்கள் பாதிப் பேர். என் கடைக்கு வராமல் நெடுஞ்சாலைப் பக்கம் போய்ப் பெரிய கடையில் வாங்குகிறவர்கள் மீதிப் பேர். ஆனால் குப்பை எல்லோர் வீட்டிலும் சேருகிறது, அதை அவரவரே கொண்டுவந்து கொட்ட வேண்டும். யாரைப் பிடிக்க வேண்டுமானாலும் அங்கேதான் பிடிக்க வேண்டும்.

பனி உருகி எங்கள் வெர்மான்ட் மாநிலம் முழுக்கச் சேறாகிக் கிடந்த சமயம். முழங்கால் வரைக்கும் ரப்பர் பூட்ஸ், மேலே கணவன் ரோலண்டின் பழைய மழைக்கோட்டு, கையில் ஓர் அட்டை. "பள்ளிக்கூடத்துக்கு ஆம் போடுங்கள்" என்று எழுதியிருந்தது. பக்கத்து ஊர் முதியோர் இல்லத்தின் சமையலறையில் வாரம் முழுக்க விடியற்காலை வேலை அவளுக்கு. கிடைக்கிற ஒரு விடுமுறைக் காலையில் குப்பை நாற்றத்தில் நிற்பாள்.

ஒரு வண்டி ஜன்னல் இறங்கும். "இன்னுமா நிக்கிற நீ?"

"வேற வேலை இல்ல பாரு எனக்கு."

"நாங்க ஆமான்னு சொல்ற வரைக்கும் ஓட்டு வெச்சுக்கிட்டே இருப்பீங்களா?"

"நீங்க சொல்லித் தொலைச்சா நாங்க ஏன் வெக்கப்போறோம்?"

அந்த ஆள் சிரிப்பான். அவளும் சிரிப்பாள். ஜன்னல் ஏறியதும் அவள் முகத்திலிருந்து சிரிப்பு இறங்கிவிடும். குப்பைமூட்டை கொண்டுபோன நானே பார்த்திருக்கிறேன்.

அவள் பிள்ளைகள் வளர்ந்து வெளியே போய் எத்தனையோ வருஷமாகிறது. பேரப்பிள்ளைகளும் இந்த ஊரில் இல்லை. பிறகு எதற்கு இந்தப் பாடு என்று புதிதாக வந்தவர்கள் கேட்பதுண்டு. பழைய ஆட்களுக்குத் தெரியும்.

அவளுடைய கடைசிப் பையன் ட்ராவிஸுக்குச் சின்ன வயதில் திக்குவாய். தன் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் கண்ணில் நீர் கட்டிவிடும். பள்ளிக்கூடத்தில் பேச்சுப் பயிற்சி கொடுக்க ஓர் ஆசிரியை இருந்தாள். அவளிடம் போக ஆரம்பித்த பிறகு பையன் மெல்ல மெல்லத் தேறிவந்தான். அந்த வருஷம் பட்ஜெட் தோற்றது. பள்ளி வாரியம் முதலில் வெட்டியது அந்த ஆசிரியையின் வேலையை. வாக்கெடுப்பு நாளில் கார்லீன் இரட்டை ஷிஃப்ட் முடித்து வந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் தூங்கிப்போயிருந்தாள். ஓட்டுப் போடவில்லை. அவள் ஒருத்தி போட்டிருந்தாலும் முடிவு மாறியிருக்காது, வித்தியாசம் பெரியது. அதை எத்தனை பேர் எடுத்துச் சொன்னாலும் அவளுக்கு ஆறவில்லை. ஒரு வருஷம் முழுக்கப் பையன் வகுப்பில் வாயே திறக்கவில்லை.

மறு வருஷம் ஊர்க்கூட்டத்தில் எழுந்து நின்றாள். வாழ்க்கையில் முதல் தடவையாகப் பலர் முன்னால் பேசுகிறாள். அந்த ஆசிரியையைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று கேட்டாள். பின்வரிசையிலிருந்து ஹாலிஸ் குவிம்பி சத்தமாகச் சொன்னார், "வீட்ல நீ கொஞ்சம் குறைச்சுப் பேசிப் பாரும்மா. பையனுக்குத் தானா வாய் திறக்கும்!"

கூடமே சிரித்தது. நானும்தான் சிரித்தேன், உண்மையைச் சொல்வதென்றால். கார்லீன் உட்காரவில்லை. சிரிப்பு அடங்கும்வரை நின்று, சொல்ல வந்ததை முழுக்கச் சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தாள். அந்த வருஷம் ஆசிரியை திரும்ப வந்தாள். அப்போது தொடங்கியது இது. வருஷா வருஷம் கார்லீன் "ஆம்" பக்கம், ஹாலிஸ் "வேண்டாம்" பக்கம்.

ஹாலிஸைப் பற்றியும் சொல்ல வேண்டும். மேட்டுச் சாலையில் பால் பண்ணை வைத்திருந்தவர். மாடுகளை விற்றாகிவிட்டது, மனைவியும் போய்விட்டாள், பிள்ளைகள் கிடையாது. மிஞ்சியது நிலம். ஏரிக்கரையில் வெளியூர்க்காரர்கள் கோடை வீடு கட்டக் கட்ட, மேட்டு நிலத்தின் மதிப்பும் காகிதத்தில் ஏறிக்கொண்டே போனது. அவர் வருமானம் ஏறவில்லை, வரி மட்டும் ஏறியது. "எனக்கு அந்தப் பிள்ளைங்க மேல என்ன கோபம்? என் கூரையை வித்து அவங்களுக்குப் பென்சில் வாங்கணும்ங்கிறாங்க, அதான் கோபம்" என்பார் என் கடையில் காப்பி குடித்தபடி.

மூன்றாவது வாக்கெடுப்பு மே மாதத்தில் வைத்தார்கள். "ஆம்" பக்கத்தில் கார்லீனுக்கு இப்போது வலது கை ஜோசலின் டாட்ரோ. இரண்டு பிள்ளைகள் பள்ளியில் படிக்கிறார்கள், ஊருக்கு வந்து எட்டு வருஷம், நல்ல சுறுசுறுப்பு. கார்லீன்மேல் அவளுக்கு உயிர். வீடு வீடாகப் போக வேண்டும், தொலைபேசியில் கூப்பிட வேண்டும் என்று திட்டம் போட்டுக் கொடுத்தாள். கார்லீன் தன் பங்குக்கு என் கடைக் கதவில் ஒரு காகிதம் ஒட்டினாள்: "ஓட்டுப் போட வண்டி வேண்டுமானால் கார்லீனைக் கூப்பிடுங்கள்." கீழே அவள் எண்.

வாக்கெடுப்புக்கு முந்தின நாள் அவளுக்கு ஒரு அழைப்பு வந்தது. இதைக் கார்லீனும் சொல்லியிருக்கிறாள், ஹாலிஸும் சொல்லியிருக்கிறார். இரண்டையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

"கார்லீனா? ஹாலிஸ் பேசறேன். கண் ஆபரேஷன் பண்ணிட்டு டாக்டர் என்னை வண்டி ஓட்டக் கூடாதுன்னுட்டான்."

"அப்படியா. இப்ப எப்படி இருக்கு?"

"அதை விடு. நீ ஒட்டின காகிதத்துல ஆம் போடுறவங்க மட்டும்தான் கூப்பிடணும்னு போட்டிருக்கா?"

கார்லீன் அன்றைக்கு எண்பது பேருக்குச் சமைத்துவிட்டு வந்திருந்தாள். கால்கள் வாளி வெந்நீரில் இருந்தன.

"இல்ல. அப்படிப் போடல."

"அப்ப நாளைக்கு மத்தியானம் வா. வர்ற வழியில எஃபியையும் ஏத்திக்கலாம்." எஃபி அவருடைய அண்ணன் மனைவி. அவளும் "வேண்டாம்" தான்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த ரோலண்ட் கேட்டுக்கொண்டிருந்தான். "வண்டி ரிப்பேர்னு சொல்லிடேன்" என்றான்.

"ரிப்பேர் இல்லியே."

"நான் போய் ரிப்பேர் பண்ணிட்டு வரவா?"

அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

மறுநாள் மத்தியானம் மேட்டுச் சாலைக்குப் போனாள். பின்வாசலில்தான் கதவைத் தட்ட வேண்டியிருந்தது, முன்வாசல் பலகை அடித்து மூடியிருந்தது. வீட்டின் மற்ற அறைகளை எல்லாம் மூடிவிட்டு, ஹாலிஸ் சமையலறையில் மட்டும் வாழ்கிறார் என்பது அப்போதுதான் தெரிந்தது. விறகு அடுப்புக்குப் பக்கத்திலேயே கட்டில், மேசையில் பீன்ஸ் டப்பா, ஜன்னலுக்குப் பிளாஸ்டிக் உறை. மே மாதத்திலும் உள்ளே கோட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்.

"என்ன பாக்கிற?"

"ஒண்ணுமில்ல. படியில பாத்து இறங்குங்க."

வழியில் எஃபியையும் ஏற்றிக்கொண்டார்கள். எஃபி பின்னால் உட்கார்ந்து ஒரு வார்த்தை பேசவில்லை, அவளுக்கு வெட்கமாக இருந்ததாம். ஹாலிஸுக்கு அந்தத் தொல்லை எல்லாம் கிடையாது.

"உன் பெட்ரோல்லயே போய் உன்னைத் தோக்கடிக்கப் போறேன். தெரியுமில்ல?"

"தெரியும். சீட் பெல்ட்டைப் போடுங்க."

"கோபம் வரல உனக்கு?"

"கோபப்படறதுக்கும் கொஞ்சம் தெம்பு வேணும் ஹாலிஸ்."

சாலைப் பள்ளங்களில் வண்டி குலுங்கியது.

"உன் பையன் எங்க இருக்கான் இப்ப? அந்த… பேசமாட்டானே, அவன்."

"கொலராடோல. போன்ல இன்சூரன்ஸ் விக்கிறான். நாள் பூரா பேச்சுதான். ஞாயித்துக்கிழமை கூப்பிட்டான்னா வெக்கவே மாட்டான்."

ஹாலிஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கட்டுப் போட்ட கண்ணுக்கு வெளியே ஒன்றும் தெரிந்திருக்காது.

"கூட்டத்துல நான் அன்னைக்கு ஒண்ணு சொன்னேன்."

"ஆமா."

"எல்லாரும் சிரிச்சாங்க."

"ஆமா, சிரிச்சாங்க."

அதற்குள் தீயணைப்பு நிலையம் வந்துவிட்டது.

தீயணைப்பு வண்டிகளை வெளியே நிறுத்திவிட்டு அந்தக் கொட்டகையில்தான் எங்கள் ஊரில் வாக்குப்பதிவு நடக்கும். வாசலில் பள்ளிப் பிள்ளைகள் மேசை போட்டுப் பலகாரம் விற்றுக்கொண்டிருந்தார்கள். கார்லீன் ஹாலிஸின் கையைப் பிடித்து உள்ளே அழைத்து வந்ததை நான் பார்த்தேன், வாக்கு எண்ணும் மேசைக்காரர்களில் நானும் ஒருத்தி. எங்கள் மேசையில் எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். திரும்பிப் போகும்போது ஹாலிஸ் பிள்ளைகளிடம் அடுப்பில் சுட்ட ஒரு முழு ஆப்பிள் பை பலகாரம் வாங்கினார். "வரி வேற, இது வேற" என்றார் காசு கொடுத்துக்கொண்டே. கார்லீன் அதை வாங்கி, வழியில் சரியாமல் இருக்க எஃபி மடியில் வைத்தாள்.

சாயங்காலம் எண்ணினோம். இரண்டு ஓட்டில் தோற்றது. மறுபடி எண்ணினோம். இரண்டுதான்.

மறுநாள் காலை ஜோசலின் என் கடைக்குள் நுழைந்தபோது கார்லீன் காப்பி ஊற்றிக்கொண்டிருந்தாள். கதவு படாரென்று சாத்திக்கொண்டது.

"ரெண்டு ஓட்டு, கார்லீன். ரெண்டே ரெண்டு!"

"கேள்விப்பட்டேன்."

"உன் வண்டியில நேத்து யாரு யாரு வந்தாங்க?"

"பீட்டி கிழவர் வந்தார், வண்டி இல்லாத அக்கா தங்கச்சி ரெண்டு பேர் வந்தாங்க, ஹாலிஸும் எஃபியும் வந்தாங்க."

"ஹாலிஸும் எஃபியும்! எண்ணத் தெரியுமா உனக்கு? ஒண்ணு, ரெண்டு!"

"அவங்க வரலைன்னா சமமா போயிருக்கும். சமம்னாலும் தோல்விதான், அதான் சட்டம்."

"எனக்குச் சட்டம் சொல்லாத!" ஜோசலின் குரல் உடைந்தது. "நான் வாசல் வாசலா ஏறி இறங்குறேன். என் பொண்ணு வகுப்பை மூடப் போறாங்க. நீ அவங்களை வாசலுக்குப் போய்க் கூட்டிட்டு வந்து கையைப் பிடிச்சு ஓட்டுப் போட வெக்கிற. நீ எந்தப் பக்கம்?"

கார்லீன் காப்பிக் குவளையைக் கீழே வைத்தாள்.

"அவருக்குக் கண்ணு தெரியல. ஓட்டுப் போடணும்னார். வேற என்ன சொல்லச் சொல்ற?"

"வரமாட்டேன்னு சொல்லு!"

"சொல்ல வாய் வரல."

ஜோசலின் எதுவும் வாங்காமல் போய்விட்டாள். கார்லீன் காப்பிக்குக் காசை எடுத்து வைத்தாள். பிறகு, "எனக்கே இது சரியா தப்பான்னு தெரியல" என்று என்னிடம் சொன்னாள். குவளையை மறந்துவிட்டு வேலைக்குப் போனாள்.

அந்தச் சனிக்கிழமை அவள் குப்பைக் கிடங்குக்கு வரவில்லை. அடுத்ததற்கும் வரவில்லை. தூங்குகிறாள் என்றான் ரோலண்ட். "சாப்பிடறா, வேலைக்குப் போறா, வந்து தூங்கறா. காய்ச்சல் இல்ல, ஒண்ணுமில்ல. எழுப்பினா, 'என்னை விடு ரோலி'ங்கிறா." ஊரில் இரண்டு விதமாகவும் பேசினார்கள். நியாயமான பொம்பளை என்றார்கள் "வேண்டாம்" பக்கத்தார். அந்தப் பாராட்டு அவளுக்கு ஜோசலினின் திட்டைவிட மோசமாக வலித்தது என்று நினைக்கிறேன்.

பள்ளி வாரியம் நான்காவது தடவைக்கு வெட்டிக்கொண்டு வந்தது. பிரெஞ்சு ஆசிரியர் இல்லை. மூன்றாம் வகுப்பும் நான்காம் வகுப்பும் ஒரே அறையில். பேச்சுப் பயிற்சி ஆசிரியை வாரத்துக்கு ஒரு நாள் மட்டும். பள்ளிச் சாப்பாட்டுக் கூடத்தில் கூட்டம் போட்டு இதை வாசித்தார்கள். முப்பது பேர்கூட வரவில்லை, எல்லோருக்கும் அலுத்துவிட்டது. ஜோசலின் முன்வரிசையில் இருந்தாள். கார்லீன் பின்னால், சமையலறை உடுப்போடு அப்படியே வந்திருந்தாள். எதுவும் பேசுகிற எண்ணமில்லை அவளுக்கு, வாசித்து முடித்ததும் போய்விடுவதாகத்தான் ரோலண்டிடம் சொல்லிவிட்டு வந்தாளாம்.

"ஒரு நாள்" என்று வாரியத் தலைவர் வாசித்ததும் அவள் எழுந்தாள்.

"பள்ளிக்கூடத்துப் புல் வெட்டறதுக்கு வெளி ஆளுக்கு ஒப்பந்தம் இருக்கில்ல?"

"இருக்கு."

"அதை எடுத்துடுங்க. அந்தப் பணத்துல பேச்சு டீச்சருக்கு இன்னொரு நாள் போடுங்க. புல்லை நாங்க வெட்டறோம்."

"நாங்கன்னா யாரு, கார்லீன்?"

அவள் யோசித்தாள். "நாங்கன்னா… நாங்கதான்."

கூடத்தில் சிரிப்பு எழுந்தது, ஆனால் கெட்ட சிரிப்பு இல்லை. கைகள் உயர்ந்தன. தலைவர் ஒவ்வொரு பெயராக எழுதிக்கொண்டார். வாரியத்தினர் தங்களுக்குள் முணுமுணுத்துவிட்டு ஒப்புக்கொண்டார்கள். ஜோசலின் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு முன்னால் திரும்பிக்கொண்டாள்.

ஜூன் மாதம் நான்காவது வாக்கெடுப்பு. ஹாலிஸ் மறுபடியும் கூப்பிட்டார், கார்லீன் மறுபடியும் போனாள். அன்றைக்கும் வேண்டாம்தான் போட்டேன் என்று வண்டியிலேயே சொல்லிவிட்டாராம். இந்தத் தடவை அதனால் ஒன்றும் ஆகவில்லை, பட்ஜெட் நல்ல வித்தியாசத்தில் ஜெயித்தது. முடிவை வாசித்தபோது ஒருவரும் கைதட்டவில்லை. பிரெஞ்சு ஆசிரியர் ஏற்கெனவே வேறு ஊரில் வேலை தேடிக்கொண்டிருந்தார். ஜோசலினின் பெண் இனிமேல் நெரிசலான வகுப்பில்தான் உட்கார வேண்டும். "ஜெயிச்சாச்சு" என்றேன் கார்லீனிடம். "முடிஞ்சுது" என்றாள் அவள்.

புல் வெட்டும் கதையையும் சொல்லிவிடுகிறேன். முதல் வாரம் கையைத் தூக்கியவர்கள் எல்லோரும் வந்தார்கள். யாரோ டோனட் கொண்டுவந்தார்கள், படம்கூட எடுத்தார்கள். இரண்டாம் வாரம் பாதிப் பேர். ஜூலை வெயில் ஏறியபோது மிஞ்சியது கார்லீனும் ரோலண்டும்தான். ரோலண்டுக்கு முழங்கால் வலி, அதனால் ஏறி உட்கார்ந்து ஓட்டும் இயந்திரம் அவனுக்கு. விளையாட்டுத் திடலுக்குப் பின்னால் சரிவு, அங்கே அது ஏறாது. தள்ளுகிற இயந்திரத்தைக் கையால் தள்ள வேண்டும். அதைக் கார்லீன் தள்ளுவாள். முதியோர் இல்லத்துக்குச் சமைத்துவிட்டு வந்து, சரிவில் ஏறி இறங்குவாள்.

ஹாலிஸும் வருவார். வேலை செய்ய அல்ல. கார்லீன் கடைக்குக் கூட்டிப்போகிற நாளில் வழியில் வண்டியை இங்கே நிறுத்துவாள், அவர் முன் இருக்கையில் ஜன்னலை இறக்கிவிட்டு உட்கார்ந்திருப்பார்.

"வலது பக்கம் கோணலா போகுது!"

"கண்ணு தெரியாதுன்னீங்க?"

"கோணல் மட்டும் தெரியும்."

ஒரு நாள் அப்படி அவள் பாதிச் சரிவில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோது ஜோசலினின் வண்டி வந்து நின்றது. மே மாதத்துக்குப் பிறகு அவர்கள் பேசிக்கொள்ளவில்லை. ஜோசலின் சரிவில் ஏறி வந்தாள். கார்லீன் வண்டியின் முன் இருக்கையில் ஹாலிஸைப் பார்த்தாள், உதட்டைக் கடித்தாள். பிறகு இயந்திரத்தின் கைப்பிடியைப் பிடித்தாள்.

"தள்ளிக்கோ. போய் உக்காரு."

"இன்னும் ரெண்டு வரிசைதான்."

"உக்காரச் சொன்னேன், கார்லீன்."

கார்லீன் புல்லில் உட்கார்ந்தாள். ஜோசலின் கீழே போய்த் திரும்பி வந்தாள். இயந்திரச் சத்தத்துக்கு மேலே கத்தினாள், "எனக்கு இன்னும் கோபம்தான், தெரிஞ்சுக்கோ!"

"சரி!"

"அந்த ஆளைப் பாத்தா இன்னும் பத்திக்கிட்டு வருது!"

"சரிங்கறேன்ல!"

கோடை முடியும் வரை ரோலண்டோடு சேர்த்து மூன்று பேருமாக வெட்டினார்கள். செப்டம்பரில் பள்ளி திறந்தது. பேச்சுப் பயிற்சி ஆசிரியை செவ்வாயும் வியாழனும் வந்தாள்.

அக்டோபரில் அடுத்த வருஷ பட்ஜெட்டுக்கு முதல் கூட்டம் கூடியது. கார்லீன் வந்து அறையைச் சூடாக்கும் வெப்பக் குழாய்க்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் காலணிகளைக் கழற்றி நாற்காலிக்கு அடியில் தள்ளிவிட்டாள். ஆசிரியர்களின் மருத்துவக் காப்பீட்டுச் செலவு மறுபடியும் ஏறியிருக்கிறது, கொதிகலன் பழுதாகிக்கொண்டு வருகிறது, எப்படிப் பார்த்தாலும் போன வருஷத்தைவிட அதிகம் கேட்க வேண்டியிருக்கும் என்று தலைவர் சொன்னார். பிறகு, மக்களிடம் எடுத்துச் சொல்லும் குழுவை இந்த வருஷம் யார் நடத்துவது என்று கேட்டார்.

இத்தனை வருஷமும் அதற்குக் கை தூக்கியவள் கார்லீன்தான். ஒவ்வொரு தலையாகக் கார்லீன் பக்கம் திரும்பியது. அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெப்பக் குழாய் மட்டும் தட்டிக்கொண்டிருந்தது. யாரோ இருமினார்கள். அவள் கை மடியிலேயே இருந்தது.

"சரி, நான் பாத்துக்கறேன்" என்றாள் ஜோசலின், கடைசியில்.

கார்லீன் குனிந்து காலணிகளைத் தேடிப் போட்டுக்கொண்டாள். வாசலுக்குப் போகிற வழியில் ஜோசலினின் தோளைத் தொட்டுவிட்டுப் போனாள். கூட்டம் முடிந்து நான் கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்குப் போகும்போது, கார்லீன் வீட்டு விளக்கு அதற்குள் அணைந்திருந்தது.